‘நல்லாப் போக ஆரம்பிச்சான், மருந்தை நிறுத்திட்டோம்!’ - குழந்தைகளின் மலச்சிக்கல் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

யு.கே.ஜி படிக்கும் அக்கா மகன் போன வருஷம் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது, அவன் பைக்குள் முடிச்சுப் போட்ட பாலிதீன் கவர் ஒன்று இருந்தது. உள்ளே அவனுடைய ஜட்டி. ‘வயிற்றுப்போக்கு இருந்தால் லீவு போடவும்’ என்று டைரியில் மிஸ் எழுதியிருந்தார். அன்று ராத்திரி அக்கா தயிர்சாதம் கொடுத்தாள். மறுநாளும் அதே கவர். மூன்றாவது நாள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தை வாங்கிக் கொடுத்தார்கள். வாரக் கடைசிக்குள் பையனின் வயிறு உப்பிக் கெட்டியாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழந்தைநல மருத்துவர் அவனைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். “கடைசியா எப்போ நல்லா ரெண்டுக்குப் போனான்?” என்று கேட்டார். அக்காவுக்கும் மாமாவுக்கும் பதில் தெரியவில்லை. தினமும்தான் ஜட்டியிலேயே போகிறானே!

“இது பேதி இல்லைங்க, மலச்சிக்கல். உள்ளே கெட்டியா அடைச்சு நிக்குது. அதைச் சுத்தித் தண்ணியா கசியுது. அவனுக்கே தெரியாம வருது, திட்டாதீங்க” என்றார் அவர்.

திட்டியாயிற்று. ஒரு தடவை அடியும் விழுந்திருந்தது.

மலச்சிக்கல் என்றாலே நம் வீடுகளில் சிரிப்பு, கூச்சம், அல்லது “வாழைப்பழம் குடு, சரியாயிடும்” என்ற ஒரு வரி வைத்தியம். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் துரத்தும் மலச்சிக்கல், குழந்தையின் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் என எல்லாவற்றிலும் கை வைக்கிறது. உலக அளவில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருந்தும், வெளியே சொல்லாத பிரச்சினை இது. பல வீடுகளில் ‘எவ்வளவோ மருந்து கொடுத்தாச்சு, தீரவே இல்லை’ என்று சொல்லும் கேஸ்களை நெருங்கிப் பார்த்தால், நோய் தீராதது இல்லை. சிகிச்சை பாதியில் நின்றிருக்கிறது.

ஒரே ஒரு நாள் வலி போதும்

பெரும்பாலும் ஒரு சின்ன சம்பவத்தில்தான் இது தொடங்குகிறது. காய்ச்சலில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ஊருக்குப் போன இடத்தில் டாய்லெட் பிடிக்கவில்லை, ஏதோ ஒரு காரணத்தால் மலம் இறுகிவிட்டது. போகும்போது வலித்தது. ஆசனவாயில் லேசாகக் கீறல்கூட விழுந்திருக்கலாம். நாமாக இருந்தால் ‘இன்னிக்குத் தண்ணி நிறையக் குடிக்கணும்’ என்று நினைப்போம். மூன்று வயதுக் குழந்தை வேறு மாதிரி முடிவெடுக்கிறது: இனிமேல் போகவே கூடாது.

மலத்தை அடக்கினால் அது அங்கேயே சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆக அது இறுகும், மேலிருந்து வருவதும் சேர்ந்து பெரிதாகும். அடுத்த முறை போகும்போது முன்னைவிட வலிக்கும். பயம் உறுதியாகும். இன்னும் கெட்டியாக அடக்கும்.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குழந்தை திடீரென்று சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கும். கதவுத் திரையைப் பிடித்துக்கொள்ளும். கால்விரலில் எம்பி நிற்கும், தொடைகளை இறுக்கும், முகம் சிவக்கும். பார்க்கிற நாம், ‘பாவம், முக்குறான், வர மாட்டேங்குது’ என்று நினைக்கிறோம். அவன் முக்கவில்லை. வருவதை வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். இந்த ஒன்றை அடையாளம் கண்டுபிடித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இப்படியே வாரக்கணக்கில் போனால் மலக்குடல் இழுபட்டு விரிந்துவிடும். நிறைந்ததும் ‘போகணும்’ என்று மூளைக்குத் தகவல் சொல்ல வேண்டிய இடம் அது. எப்போதுமே நிறைந்து கிடந்தால் அந்த உணர்வு மழுங்கிப்போகும். அப்போதுதான் கசிவு தொடங்குகிறது. மேலே இருந்து வரும் இளகிய மலம், அடைத்து நிற்கும் உருண்டையின் ஓரமாக வழிந்து ஜட்டியில் இறங்குகிறது. குழந்தைக்கு அது வருவதும் தெரியாது. நாள்பட்டால் நாற்றமும் பழகிவிடும் என்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்தும்போது அது திருதிருவென்று விழிக்கும். ‘சோம்பேறித்தனம்’, ‘வேணும்னே பண்றான்’ என்றெல்லாம் நாம் பெயர் வைப்பது இந்தக் கசிவுக்குத்தான்.

மலக்குடலுக்கு முன்னால்தான் சிறுநீர்ப்பை இருக்கிறது. பின்னாலிருந்து அழுத்தம் வந்தால் அதுவும் சரியாக நிறையாது, சரியாகக் காலியாகாது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளிடமும், படுக்கையை நனைக்கும் குழந்தைகளிடமும் மருத்துவர்கள் மலம் பற்றி விசாரிப்பது இதனால்தான். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் படுக்கை நனைவதும் நின்றுபோன குழந்தைகள் உண்டு.

எத்தனை நாள் போகாவிட்டால் மலச்சிக்கல்?

நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சில நேரம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். எடை கூடுகிறது, நன்றாகப் பால் குடிக்கிறது, போகும்போது இளகலாகவே போகிறது என்றால் அது மலச்சிக்கல் இல்லை. மாறாக, தினமும் போகும் ஐந்து வயதுக் குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கலாம். தினமும் கோலிக்குண்டு அளவில் நாலு உருண்டை மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்தால் மீதி உள்ளேயேதான் இருக்கிறது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் IV என்ற அளவுகோல் 2016இல் வந்தது. வாரத்துக்கு 2 தடவை அல்லது அதற்கும் குறைவாகப் போவது, டாய்லெட் பழகிய பிறகும் வாரம் ஒரு முறையாவது துணியில் போய்விடுவது, அடக்கிப் பிடிப்பது, வலியோடு அல்லது கெட்டியாகப் போவது, மருத்துவர் பார்க்கும்போது மலக்குடலில் பெரிய கட்டி தட்டுப்படுவது, டாய்லெட்டே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பருமனாகப் போவது - இவற்றில் இரண்டு, ஒரு மாதமாக இருந்து, வேறு நோய் எதுவும் காரணமில்லை என்றால் அது ‘செயல்பாட்டு மலச்சிக்கல்’. குடலில் கோளாறு இல்லை, குடல் வேலை செய்யும் பழக்கத்தில்தான் சிக்கல் என்று அர்த்தம். குழந்தைகளின் மலச்சிக்கலில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த வகைதான்.

பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள். மலத்தின் வடிவத்தை ஏழு படங்களாகப் போட்டிருப்பார்கள். முதல் படம் ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டை. ஏழாவது வெறும் தண்ணீர். நடுவில் நான்காவது, வழுவழுப்பாக, நீளமாக. டாக்டரிடம் ‘டைட்டா போறான்’ என்று சொல்வதைவிட, போனில் அந்தப் படத்தைத் திறந்து ‘இது மாதிரி’ என்று காட்டுவது எளிது. அருவருப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லதுதான்.

காலை 7.15 வேன்

மலச்சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டுவது மூன்று காலகட்டங்களில். தாய்ப்பாலிலிருந்து திட உணவுக்கு மாறும்போது, டயப்பரை விட்டு டாய்லெட் பழக்கும்போது, பள்ளிக்கூடம் சேர்க்கும்போது. முதலாவது சாப்பாடு சம்பந்தப்பட்டது. இரண்டாவதில் அவசரம்தான் வில்லன்: ‘பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றரை வயசிலேயே சொல்லிடுது’ என்ற போட்டியில் பிடித்து உட்காரவைத்தால், சில குழந்தைகள் அடக்கித்தான் எதிர்ப்பு காட்டும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். சாப்பிட்ட பிறகு பெருங்குடல் தானாகவே சுருங்கி விரிய ஆரம்பிக்கும். காலை டிபனுக்குப் பிறகு இது நன்றாக வேலை செய்யும். இயற்கை கொடுத்த இந்த நல்ல நேரத்தில் நம் வீட்டுக் குழந்தை எங்கே இருக்கிறது? ஒரு கையில் ஷூ, வாயில் பாதி இட்லி, வாசலில் வேன் ஹாரன். வகுப்பில் ‘போகணும்’ என்ற எண்ணம் வந்தால், எழுந்து நின்று நாற்பது பேர் முன்னால் அனுமதி கேட்க வேண்டும். “இப்பத்தானே இன்டர்வெல் விட்டேன்” என்ற பதில் வரலாம். போனால் அங்கே தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, முந்தின ஆள் போனது அப்படியே இருக்கிறது. கழுவிவிட ஆள் இல்லாத எல்.கே.ஜி குழந்தைக்கு இன்னொரு பயமும் சேரும். இந்த நிலையில் நானாக இருந்தாலும் சாயங்காலம் வரை அடக்கத்தான் செய்வேன். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க், ஹேண்ட்ரைட்டிங் என்று அரை மணி நேரம் பேசும் நாம், டாய்லெட் எங்கே இருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

வாழைப்பழம், விளக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு

நம் ஊரில் குழந்தை போகவில்லை என்றால் வரிசையாக வரும் யோசனைகள் எல்லோருக்கும் தெரியும். பாட்டி வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கச் சொல்வார். சில வீடுகளில் காம்புக்குப் பதில் சோப்புத் துண்டு. வைத்தால் உடனே போய்விடும் என்பது உண்மைதான். அந்த இடத்தைத் தூண்டினால் எதை வைத்தாலும் போகும். ஆனால், ஏற்கெனவே வலிக்குப் பயந்து அடக்கும் குழந்தைக்கு, அந்த இடத்தில் மறுபடி மறுபடி எதையாவது நுழைப்பது பயத்தை வளர்க்கும். சோப்பு, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எரிக்கவும் செய்யும். விளக்கெண்ணெய் கொடுத்து ‘வயித்தைச் சுத்தம் பண்றது’ ஒரு நாள் வேலை. அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தை, அடுத்த வாரம் பழையபடி அடக்கும்.

அடுத்து நார்ச்சத்து. கீரை, கொய்யா, கேழ்வரகு, தோலோடு பயறு எல்லாம் வேண்டும், மாற்றுக் கருத்தே இல்லை. குழந்தையின் வயதோடு 5 கூட்டினால் வரும் எண்தான் தினமும் தேவைப்படும் நார்ச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு. ஐந்து வயதுக்கு 10 கிராம். 100 கிராம் கொய்யாவிலேயே பாதி வந்துவிடும். மைதா பிஸ்கட்டும் நூடுல்ஸும் சிப்ஸும் மட்டுமே ஓடும் வீட்டில் இந்தக் கணக்கு எட்டாது என்பதும் உண்மை. ஆனால், தேவையான அளவு கிடைத்த பிறகு அதற்கு மேல் நார்ச்சத்தையும் தண்ணீரையும் திணித்தால் மலச்சிக்கல் தீரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பா, வட அமெரிக்காவின் குழந்தைகள் குடல் மருத்துவச் சங்கங்கள் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வாசலை மறித்து லாரி நிற்கும்போது பின்னாலிருந்து இன்னும் நாலு வண்டி அனுப்பினால் என்ன ஆகும்? உள்ளே அடைத்திருக்கும் குழந்தைக்கு நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்புவதுதான் மிச்சம்.

பால் விஷயம் கொஞ்சம் வேறு. நாளுக்கு நாலு தம்ளர் பால் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குழந்தை சாப்பாட்டை ஒதுக்கும். அதைக் குறைத்தாலே சில வீடுகளில் பலன் தெரியும். சிகிச்சைக்கு மசியாத சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதமே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லாமல் நாமாகச் செய்யக் கூடாது. வளரும் குழந்தைக்கு கால்சியம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்தாக வேண்டும்.

முதலில் அடைப்பு, பிறகு மாதக்கணக்கில் மருந்து

சிகிச்சைக்கு இரண்டு கட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன.

முதல் கட்டம், அடைத்திருப்பதை வெளியேற்றுவது. பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பி.இ.ஜி. என்ற பொடிதான் இன்று முதல் தேர்வு. இந்தியக் குழந்தைநல குடல் மருத்துவர்களின் 2018 ஒருமித்த பரிந்துரையும் இதைத்தான் முன்னால் வைக்கிறது. குடலைப் பிடித்து உலுக்கும் பேதி மருந்து இல்லை இது. தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு குடல் வழியே பயணம் செய்யும். ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. அந்தத் தண்ணீர் மலத்தை ஊறவைத்து இளக்குகிறது. அடைப்பை நீக்க, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம் 3 முதல் 6 நாள் கொடுப்பது வழக்கம். எனிமாவும் இதே வேலையைச் செய்யும். ஆனால், வாயால் கொடுத்தே அதே பலன் கிடைக்கும்போது பயந்திருக்கும் குழந்தையைப் பிடித்துவைத்து எனிமா கொடுப்பானேன் என்பதே இப்போதைய அணுகுமுறை.

இந்த நாட்களில் கசிவு குறையாது, கூடும். வீட்டில் அதைப் பார்த்து, ‘ஐயையோ, பேதியாகுது’ என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுபவர்கள் நிறைய பேர். அதனால் சனி, ஞாயிறோடு சேர்த்து லீவு எடுத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் தீபாவளி லீவைத் தேர்ந்தெடுத்தோம். பட்டாசைவிடப் பாத்ரூமுக்குத்தான் அந்த வருஷம் அதிக ஓட்டம்.

அடைப்பு போனதும் குழந்தை முகமே மாறிவிடும். பசிக்கும், விளையாடும். ‘அப்பாடா, முடிஞ்சது’ என்று தோன்றும். முடியவில்லை. மாதக்கணக்கில் விரிந்து கிடந்த மலக்குடல் ஒரு வாரத்தில் சுருங்கிவிடாது. உணர்வு திரும்பவும் நாளாகும். குழந்தையின் மனதிலிருக்கும் ‘வலிக்கும்’ என்ற நினைப்பு அழிய, வலிக்காத அனுபவம் நாற்பது, ஐம்பது தடவையாவது வேண்டாமா? அதற்குத்தான் இரண்டாம் கட்டம். கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் தொடங்கி, மலம் இளகலாகப் போகும்படி மருத்துவர் கூட்டியோ குறைத்தோ தருவார். 0.2 முதல் 0.8 வரை போகலாம். குறைந்தது 2 மாதம். அதுவும், தொல்லைகள் எல்லாம் நின்று குறைந்தது ஒரு மாதம் ஆன பிறகே குறைக்கத் தொடங்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்துவது இல்லை, படிப்படியாகக் குறைப்பது. டாய்லெட் பழகிக்கொண்டிருக்கும் குழந்தை என்றால் அந்தப் பழக்கம் முழுசாக வரும் வரை நிறுத்தாமல் இருப்பதே நல்லது.

“இவ்வளவு நாள் கொடுத்தா குடல் சோம்பேறி ஆகிடாதா? மருந்து இல்லாம போகவே மாட்டானே?” என் மாமா கேட்டது இதைத்தான். தினமும் இந்தக் கேள்வியைச் சந்திக்காத குழந்தைநல மருத்துவர் இருக்க மாட்டார். பி.இ.ஜி. குடலை அடிமையாக்குவதில்லை. மருந்தை நிறுத்தியதும் திரும்ப வந்தால், அது பழக்கமானதால் இல்லை. குடல் பழைய நிலைக்கு வருவதற்குள் நிறுத்தியதால். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டால் ‘கட்டு பழகிடும்’ என்று பத்தாவது நாளே பிரித்துவிடுவோமா?

பி.இ.ஜி. எல்லா வயதுக்கும் ஒன்றுபோல் இல்லை. ஒரு வயதுக்குக் கீழே பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப் தருவார்கள். பி.இ.ஜி. மட்டும் போதாத குழந்தைகளுக்கு, குடலைத் தூண்டும் சென்னா, பிசாகோடைல் போன்றவற்றைக் கூடவே சேர்ப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பெரியவர்களுக்குக் குடல் பரிசோதனைக்கு முன் கொடுக்கும் பெரிய பாக்கெட்டுகளிலும் இதே பெயர் இருக்கும். உப்புகள் சேர்ந்தது, சேராதது என்ற வேறுபாடும் உண்டு. இந்தக் கட்டுரையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிவிடாதீர்கள். அளவை எழுதித் தர மருத்துவர் வேண்டும்.

ஸ்டூல், அஞ்சு நிமிஷம், ஒரு காலண்டர்

மருந்து மலத்தை இளக்கும்; போய் உட்கார வேண்டியது குழந்தைதான். காலை, இரவு சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் 5 முதல் 10 நிமிடம் டாய்லெட்டில் உட்காரவைக்க வேண்டும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஸ்டிக்கரோ ஸ்டாரோ கொடுப்பதாக இருந்தால் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், போனதற்கு இல்லை. போவது அவன் கையில் முழுசாக இல்லாத காலம் இது.

இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காரும்போது மலக்குடல் நேராகி வழி சுலபமாகிறது. அபார்ட்மென்ட் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும் நாலு வயதுக் குழந்தையைப் பாருங்கள். கால் அந்தரத்தில் தொங்கும், விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருக்கும். உடம்பை இறுக்கிக்கொண்டு தளர்த்த வேண்டியதை எப்படித் தளர்த்தும்? காலுக்கடியில் ஒரு ஸ்டூலோ பழைய மணைப்பலகையோ வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான சின்ன சீட் வளையமும் போட்டால் பிடிமானம் கிடைக்கும். கையில் போன் கொடுத்தால் அரை மணி நேரம் உட்காரும், ஆனால் எதற்கு உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும். பலூன் ஊதச் சொல்லலாம். ஊதும்போது அடிவயிறு தானாக அழுந்தும்.

சமையலறைக் காலண்டரில் தினமும் குறித்து வைப்பதும் உதவும். போன நாள், எப்படிப் போனது, கசிவு, மருந்து. ‘கொடுத்துட்டுத்தான் இருக்கோம்’ என்று எல்லோரும் சொல்வோம். காலண்டரைப் பார்த்தால்தான் வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போனது தெரியும்.

எப்போது பயப்பட வேண்டும்?

பத்தில் ஒன்றுக்கும் குறைவான குழந்தைகளுக்கு வேறு நோய் காரணமாக இருக்கும். அதைத் தவறவிடக் கூடாது. பிறந்த குழந்தை முதல் மலமான கரும்பச்சைக் காட்டுமலத்தை 48 மணி நேரத்துக்குள் போகவில்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இல்லாமல் பிறக்கும் நிலை ஒன்று இருக்கிறது. டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஸ்ப்ருங் 1886இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். அறுவை சிகிச்சைதான் தீர்வு. பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய மலச்சிக்கல், பச்சையாக வாந்தி, வயிறு மிகவும் உப்புவது, காய்ச்சல், எடை ஏறாமை, கீறல் இல்லாமலே ரத்தம், கால்களில் பலவீனம், முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ தெரிவது - இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. தைராய்டு குறைபாடு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் ஆகியவையும் மலச்சிக்கலாகத் தலைகாட்டலாம்.

சரி, இதெல்லாம் இல்லை, மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தாயிற்று, இன்னும் தீரவில்லை என்றால்? சரியான அளவில் 3 மாதம் சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்றால்தான் அதை ‘மசியாத மலச்சிக்கல்’ என்கிறார்கள். அந்தப் பெயரை வைப்பதற்கு முன் மருத்துவர் சரிபார்ப்பது மூன்று: அடைப்பு முழுசாக நீங்கியதா, அளவு எடைக்கு ஏற்றதா, தினமும் கொடுத்தார்களா. பல கேஸ்கள் இங்கேயே தீர்ந்துவிடும். மீதமுள்ளவர்களைக் குழந்தைகள் குடல் நிபுணரிடம் அனுப்புவார்கள். மலக்குடலின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி, உணவு குடலைக் கடக்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனை எல்லாம் அங்கே உண்டு. ஆசனவாய்த் தசை தளரவே இல்லை என்றால் போடாக்ஸ் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வீட்டிலேயே ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை இருக்கிறது. இங்கிலாந்து அறுவை மருத்துவர் மலோன் 1990இல் அறிமுகம் செய்த இன்னொரு வழியில், குடல்வாலை வயிற்றின் மேல் சின்னத் துளையாகக் கொண்டுவந்து, அதன் வழியே மேலிருந்து கீழாகக் கழுவுவார்கள். அமெரிக்காவில் 2023இல் 6 முதல் 17 வயதுக்கு லினாக்ளோடைட் என்ற மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. கேட்கவே பயமாக இருந்தாலும், இந்தக் கட்டம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு.

மற்றவர்களுக்கும் இது வேகமாக முடியும் வேலை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நிபுணர்களிடம் வரும் குழந்தைகளில் சுமார் பாதிப் பேர்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் மருந்தில்லாமல் குணமாகிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் நாளாகும். நடுவில் காய்ச்சலோ பயணமோ வந்தால் திரும்பவும் தலைதூக்கும். தொடங்கிய சில வாரங்களிலேயே சிகிச்சைக்கு வந்தவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று காத்திருப்பவர்களுக்கு அதனால்தான் அதிக நாள் ஆகிறது.

அக்கா மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு. மூன்றாவது மாதம், ‘இனி போதும்’ என்று அக்காவே ஒரு வாரம் மருந்தை நிறுத்திப் பார்த்தாள். பத்தாவது நாள் மறுபடி கவர் வந்தது. மீண்டும் முதலிலிருந்து. இந்த முறை மாமா வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் அவர், “எங்க க்ளாஸ்ல இன்னும் ரெண்டு பேர் இப்படி இருக்காங்க சார், அவங்க அம்மாகிட்ட நான் என்ன சொல்லணும்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். இப்போது அவன் கை தூக்காமலே எழுந்து போகலாம் என்று அனுமதி. மருந்து பாதி அளவுக்கு இறங்கியிருக்கிறது. மாற்று ஜட்டி ஒன்று இன்னும் பைக்குள் இருக்கிறது. கடைசியாக அது எப்போது தேவைப்பட்டது என்று கேட்டால், அக்கா காலண்டரை இரண்டு தாள் பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது.